நிதானம் ஏன் ஓடவே இல்லை

நிதானம் இறந்துபோன செய்தி எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது புள்ளியியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அறுபத்தொரு வயசுதானேப்பா" என்றார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அவருக்கும் மனசு என்று ஒன்று இருப்பதற்கு மூன்று ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த முதல் புள்ளிவிவரம் அது.

நிதானம் என்பது அவருடைய பெயரல்ல. ரசிகர்கள் வைத்தது. நாற்பது வயதுக்கு மேல் கதாநாயகனாகி முப்பத்து மூன்று படங்களில் நடித்தவர், அவற்றில் ஒன்றில்கூட ஓடியதில்லை. பின்னால் குண்டு வெடிக்கும், நடப்பார். வில்லன் ஜீப்பில் தப்பிப்பான், நடந்தே போய்ப் பிடிப்பார். ஜீப் எப்படி அகப்பட்டது என்று எந்த ரசிகனும் கேட்டதில்லை. காதலி ரயிலேறிப் போகும் காட்சியிலும் அவர் நடந்துதான் வந்தார்; ரயில்தான் தாமதமாகக் கிளம்பியது.

அந்த நடைக்கு ஒரு சத்தம் உண்டு. டக். டக். டக். திரை இருட்டாக இருக்கும்போதே அது வரும். முகம் தெரிவதற்குள் அரங்கம் எழுந்து நின்றுவிடும்.

கல்லூரிச் சுவர்ப் பத்திரிகை என் பொறுப்பில் இருந்தது. கேன்டீன் பக்கத்துப் பலகையில் வாராவாரம் ஒட்டுவோம். நாங்கள் எதையும் மதிப்பதில்லை என்று முதல்வர் ஒருமுறை எழுத்து மூலம் தெரிவித்தார். அந்தக் கடிதத்தையும் மரியாதையாக ஒட்டினோம். இப்போது நினைவஞ்சலிச் சிறப்பிதழ் போடவேண்டும். ஊரே அழும்போது நாங்களும் அழுதால் யார் படிப்பார்கள்? எனவே ஆய்வுக் கட்டுரை என்று முடிவு செய்தேன். தலைப்பு: 'நிதானம் ஏன் ஓடவே இல்லை? ஏழு கோட்பாடுகள்.'

ஆறு கோட்பாடுகள் அரை நாளில் சேர்ந்துவிட்டன. "தொப்பை. வேறென்ன?" என்றார் கேன்டீன்காரர், தன் தொப்பையைத் தடவிக்கொண்டே. "ஓடினா வேர்க்கும், வேர்த்தா மேக்கப் கலையும்" என்றார் விடுதிக் காப்பாளர். "அவர் ஓடினா கேமராக்காரரும் ஓடணும்ல, அந்தாளுக்கு மூச்சிரைக்கும்" என்று ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர் அறிவியல்பூர்வமாக விளக்கினார். என் வகுப்புத் தோழன் பல்லி, தீவிர ரசிகன், காலையிலிருந்து சாப்பிடாதவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "மத்தவங்க ஓடுவாங்கடா. அவருக்காக உலகம் நிக்கும்." அதையும் எழுதிக்கொண்டேன். மீதி இரண்டும் அச்சேறத் தகாதவை. எனவே முதலில் அவற்றைத்தான் எழுதினேன்.

ஏழாவதை வீட்டில் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். காரணம், அந்த டக் டக் என் அத்தையுடையது.

இதை விளக்கவேண்டும். படப்பிடிப்பில் நடிகர் நடக்கிற சத்தம் சரியாகப் பதிவாகாது. பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே, நின்ற இடத்தில் அதே தாளத்தில் நடந்து அந்தச் சத்தத்தைப் போடுவார். என் அப்பாவின் தங்கைக்கு அதுதான் தொழில். கதவு, சாவிக்கொத்து, அறை, உதை எல்லாம் போடுவாள். ஒரு சரித்திரப் படத்தில் நாற்பது குதிரைகள் வரும், நாற்பதும் அத்தைதான். நிதானத்தின் மூன்றாவது படத்திலிருந்து எல்லாப் படத்துக்கும், பத்தொன்பது வருடமாக, அவருக்குக் கால் அத்தைதான். முதல் இரண்டு படங்களில் அவர் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். ஒன்றில் நீதிபதி, இன்னொன்றில் படகோட்டி.

வீட்டுக்குப் போனபோது டிவியில் அவருடைய படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா முந்தானையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஊரே அழுவுது. உங்கத்தை உள்ள உக்காந்து ஷூ துடைக்கிறா. கல்லு."

"காது கேக்குது அண்ணி" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன். என் சோளமாவு டப்பாவையும் காணோம்."

"பனியில நடக்குற சத்தம் போட வேண்டியிருந்துச்சு அண்ணி. அப்படியே இருக்கு, சலிச்சுட்டுத் தர்றேன்."

"நீ மிதிச்ச மாவை நான் சமைக்கணுமா?"

இது இவர்களுக்குள் தினமும் நடப்பதுதான். நான் அத்தையின் அறைக்குள் போய், குறிப்பேட்டை விரித்து, ஆய்வாளருக்குரிய குரலில் கேட்டேன். "நிதானம் ஏன் ஓடவே இல்லை?"

"பிடிக்கல போல" என்றாள் அத்தை. அவ்வளவுதான். ஷூவைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. மழை வருமா என்று கேட்டால் கால்மணி நேரம் பதில் சொல்கிறவள் என் அத்தை. இரண்டு வார்த்தையில் முடித்தால் எதையோ மறைக்கிறாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் தலையைவிட்டேன்.

அங்கே ஷூப் பெட்டிகள் இருப்பது குடும்பத்துக்கே தெரியும். ஒவ்வொரு படம் முடிந்ததும் அதில் போட்டு நடித்த ஷூவை நிதானம் அத்தைக்கு அனுப்பிவிடுவார். அடுத்த படத்துக்கு அதைத்தான் அத்தை காலில் மாட்டிக்கொண்டு நடப்பாள். பெட்டி போடுமிடமா என் வீடு என்று அம்மா பத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முப்பது ஜோடி. ஒவ்வொன்றையும் எடுத்து மேலாகப் பார்த்தேன். பிறகு, காரணமில்லாமல்தான், ஒன்றைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன்.

வலது ஷூவின் குதிகால் தேய்ந்திருந்தது. இடது ஷூவின் குதிகால் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. ஆனால் அதன் நுனி, கட்டைவிரல் பக்கம், காகிதம் மாதிரி மெலிந்து போயிருந்தது. அடுத்த ஜோடியைத் திருப்பினேன். அதே மாதிரி. முப்பதுக்கு முப்பதும் அதே மாதிரி. எங்கள் புள்ளியியல் பேராசிரியரே ஒப்புக்கொள்ளும் மாதிரி அளவு.

அத்தையின் வீட்டுச் செருப்பு வாசலில் கிடந்தது. போய்ப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. திரும்பி வந்தால், தலையில் துண்டோடு அத்தை அறை நடுவில் நிற்கிறாள். என் கையில் இடது ஷூ.

"பார்த்துட்டியா?"

"அத்தை, அவருக்குக் கால்..."

"கத்தாதே. உங்கம்மா காதுல விழுந்தா சாயங்காலம் டிவியில வரும்." கதவைச் சாத்தினாள். "ஆமா. இடது கால் இழுக்கும். சின்ன வயசுலேர்ந்து. குதிகால் ஊனவே வராது."

"யாருக்குமே தெரியாதா?"

"கூட வேலை செஞ்சவங்களுக்கெல்லாம் தெரியும். நடக்குறப்ப இடுப்புக்கு மேல எடுப்பாங்க. விழாவுக்கெல்லாம் எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காந்துடுவார். பணிவுன்னு பத்திரிகையில எழுதுவான்." துண்டை உதறினாள். "நான் மொதல் மொதல்ல அவருக்குப் போட்டப்போ, எனக்கென்ன தெரியும், புதுசு. கண்ணுல பார்த்ததை அப்படியே போட்டேன். வலது ஊனி, இடது இழுத்து. அந்த டைரக்டர் எழுந்து நின்னு கத்துறார். 'ஹீரோ வர்றாரா, பீரோவை நகர்த்துறாங்களா?'ன்னு. சரின்னு நேரா நடந்தேன். டக், டக்னு. போட்டுப் பார்த்தா..."

"பார்த்தா?"

"நொண்டலைக் காணோம்டா! தோள் அசையுதுதான், ஆனா அது ஸ்டைலாத் தெரியுது. காது என்ன சொல்லுதோ அதைத்தான் கண்ணு பார்க்கும்."

மறுவாரம் அவர் தனியாக ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தாராம். எல்லோரையும் பார்த்து, "இதுல நான் யாரு?" என்று கேட்டாராம். அத்தை கையைத் தூக்கியிருக்கிறாள். நடந்து காட்டச் சொன்னார். கல் பலகை மேல் அத்தை நடந்தாள். கொஞ்ச நேரம் அவள் காலையே பார்த்துவிட்டு, "நல்லா நடக்குறீங்க. இப்படியே நடந்துட்டே இருங்க, நான் பின்னாடியே வந்துடுறேன்" என்றாராம். அதற்குப் பிறகு இருவரும் சந்தித்ததே இல்லை. ஷூதான் வரும்.

நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஏழாம் எண்ணுக்கு எதிரே காலியிடம்.

"மருமகனே, இது மட்டும் உன் சுவத்துல ஏறுச்சு, உன் குறட்டை என்கிட்ட பதிவா இருக்கு. ரெண்டு படத்துல கரடிக்குப் போட்டிருக்கேன். எந்தக் காட்சின்னு உன் காலேஜுக்கே எழுதி அனுப்புவேன்."

பேனாவை மூடினேன்.

"இப்ப என் கவலை அது இல்ல" என்று அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். "கடைசிப் படத்துல ஒரு நடை பாக்கி. நாளைக்குப் போடணும். எப்படி நடக்கிறதுன்னு தெரியல."

பத்தொன்பது வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நானும் வருகிறேன் என்றேன். "வாயைத் திறக்கக்கூடாது. மூச்சும் மெல்லமா விடணும்" என்ற நிபந்தனையோடு அழைத்துப்போனாள்.

ஒலிப்பதிவுக் கூடம் பாதி வீடு இடித்துப்போட்ட மாதிரி இருந்தது. தரையில் கட்டம் கட்டமாகக் கல் பலகை, மரப் பலகை, சரளை, மணல். சுவரோரம் எதனுடனும் சேராத ஐந்து கதவுகள் தனித்தனியாக நின்றன. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் இருந்தார். முடி நரைத்தவர். 'இன்னொரு தடவை' என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர் என்று அத்தை சொல்லியிருந்தாள். அவருக்குப் பக்கத்தில் இயக்குநர், என்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர். மூன்று நாளாகத் தூங்காத கண்.

காட்சியைப் போட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட வராந்தா. மகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வருடக்கணக்காகப் பேசாத அப்பா அவளைப் பார்க்க வருகிறார். முதலில் அவள் முகம் மட்டும். பின்னாலிருந்து காலடிச் சத்தம் நெருங்கவேண்டும். பிறகு நிதானம் அவளைக் கடந்து திரைக்குள் வந்து, வராந்தாவின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி நிற்கிறார். தலை முதல் கால்வரை, ஒரே ஷாட். அவருடைய காலை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சத்தமே இல்லாமல் பார்த்தபோது இடது கால் ஒவ்வொரு அடிக்கும் பின்தங்கிப் பின்தங்கி வந்தது.

"தியேட்டர்ல பின்பக்க ஸ்பீக்கர்லேர்ந்து ஆரம்பிச்சு முன்னாடி வரும் மேடம்" என்றார் இயக்குநர். "அந்தப் பழைய டக் டக். ஜனங்க செத்துடுவாங்க."

அத்தை கைப்பையிலிருந்து ஷூவை எடுத்தாள். அவளுக்கு ஆறாம் நம்பர், ஷூ ஒன்பது. இரண்டுக்குள்ளும் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு கல் பலகை மேல் ஏறினாள். விளக்கு அணைந்தது. டக். டக். டக். ஒரே தடவையில் முடித்தாள். திரையில் நான் என் கண்ணாலேயே பார்த்தேன்: அந்தக் கால் சரியாகிவிட்டது. அதே படம், அதே கால். இயக்குநர் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அத்தை மட்டும் இறங்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எல்லாரும் இடுப்புக்கு மேலதான் எடுப்பாங்க. நீங்க ஏன் கால் தெரிய எடுத்தீங்க?"

"நான் எங்க மேடம் எடுத்தேன்? நானும் க்ளோசப்தான் வெச்சேன். அவர்தான் கேமராவைத் தள்ளிவைக்கச் சொன்னார். வேணாம் சார்னேன். 'ஒரு தடவை முழுசா நடந்துக்குறேன்ப்பா'ன்னார்."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான். ஏன் மேடம்?"

அத்தை குனிந்து இடது ஷூவைக் கழற்றி, உள்ளே இருந்த துணியை உருவி, என் கையில் கொடுத்தாள். வெறும் ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டாள். மூன்று அளவு பெரிய ஷூ. தூக்கினால் கழன்றுவிடும், இழுக்கத்தான் முடியும். "இன்னொரு தடவை" என்றாள். ஒலிப்பதிவாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவருடைய வசனத்தை வேறொருவர் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

டக், ஸ்ஸ்ர். டக், ஸ்ஸ்ர். டக், ஸ்ஸ்ர்.

திரையில் வராந்தாவில் நடந்துபோனது வேறொரு ஆள். களைத்தவர், அப்பா, அறுபத்தொரு வயதுக்காரர்.

"இது வேணாம் மேடம்" என்றார் இயக்குநர் மெதுவாக. "ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க. என்னை அடிப்பாங்க."

"பத்தொன்பது வருஷமா நான்தான் நடந்தேன் தம்பி. இந்த ஒரு தடவை அவர் நடக்கட்டும்."

"செத்தவரை நொண்ட வெச்சுட்டான்னு எழுதுவாங்க. அவங்க வீட்ல என்ன நினைப்பாங்க?"

ஒலிப்பதிவாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை அவர் சம்சாரத்துக்குத்தானே போட்டுக் காட்டுறோம்? ரெண்டாவதைப் போடுங்க. அவங்களுக்குத் தெரியாத காலா?"

அது அவருடைய அந்த வருடத்துக்கான பேச்சு என்று பிற்பாடு தெரிந்தது. இயக்குநர் தலையைச் சொறிந்தார். கடைசியில், நிதானத்தின் மனைவி சொல்வதுதான் முடிவு என்று ஒப்புக்கொண்டார். அத்தை ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அந்தம்மா முகம் சுளிச்சாங்கன்னா நானே அழிச்சுடுறேன்" என்றாள். சொன்னாளே தவிர, ஞாயிற்றுக்கிழமைவரை அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. "பல்லு வலியா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

சிறப்புக் காட்சி அரங்கில் மொத்தம் நாற்பது இருக்கைதான். வாசல் பின்பக்கம், திரை முன்பக்கம். நிதானத்தின் மனைவி மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்தார். ஒல்லியான அம்மா, வெள்ளைக் கண்ணாடி. பெரிய துணிப்பை ஒன்றைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டார். நாங்கள் அதே வரிசையில், நான்கு இருக்கை தள்ளி. எங்களுக்குப் பின்னால் தயாரிப்பாளர். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் அழுத்திக்கொண்டாள். இரண்டு மணி நேரம் படத்தைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவைத்தான் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். அந்தப் படத்தின் கதை எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

வராந்தா வந்தது. பெஞ்சில் மகளின் முகம். அரங்கின் பின்பக்கத்திலிருந்து, வாசல் ஓரமாக, சத்தம் ஆரம்பித்தது.

டக், ஸ்ஸ்ர்.

"ஸ்பீக்கர்ல என்னமோ உரசுதுய்யா" என்றார் தயாரிப்பாளர் பின்னாலிருந்து.

டக், ஸ்ஸ்ர்.

அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. திரையைப் பார்க்கவுமில்லை. சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார். சமையலறையில் வேலையாக இருக்கிறவர்கள், வெளியே போனவர் வந்துவிட்டார் என்று திரும்புவார்களே, அப்படி. பார்த்துக்கொண்டே, பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்து, இடம் விட்டார்.

சத்தம் எங்களைக் கடந்து முன்னால் போனது. திரையில் அவர் தோன்றினார். அந்த அம்மாவும் மெதுவாகத் திரும்பி, அவர் வராந்தாவின் கடைசிவரை போவதைப் பார்த்தார். பையை மறுபடி இருக்கையில் வைக்கவில்லை.

இருட்டில் இயக்குநர் ஒலிப்பதிவாளர் பக்கம் குனிந்தார். "மொத டேக்கை அழிச்சுடுங்க சார்."

விளக்குப் போட்டதும் எல்லோரும் அந்த அம்மாவிடம் போய் நின்றார்கள். அவர் வரிசையோடு நகர்ந்து எங்களிடம் வந்து, அத்தையின் வெறுங்காலைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"ஆமாங்கம்மா."

"எத்தனாம் நம்பர்?"

"ஆறு."

"அவருக்கு ஒன்பதாச்சே."

"துணி வெச்சுப்பேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது. "வீட்டுல அவர் ஷூ ஒண்ணுகூடத் தங்காது. எங்க போகுதுன்னு கேட்டா, 'நடக்குறவங்களுக்கு'ன்னுவார். எவளோ ஒருத்தின்னு நானும் ரொம்ப நாள் சந்தேகப்பட்டிருக்கேன்" என்று பையைத் திறந்தார். கடைசிப் படத்தின் ஷூ. "அனுப்பச் சொல்லியிருந்தார். அதான் கையோட எடுத்துட்டு வந்தேன்."

"ஐயோ, நீங்களே வெச்சுக்கோங்கம்மா. உங்ககிட்ட ஒண்ணுமில்லங்கிறீங்களே."

"அவர் சொன்னதை நான் மீற மாட்டேன். பிடிங்க."

"வேணாம்மா, சொன்னா கேளுங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பையைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். இயக்குநர் தலையிட முயன்று பின்வாங்கினார். ஐந்து நிமிடம் போனபிறகு அந்த அம்மா பைக்குள் கையைவிட்டு ஒன்றை எடுத்தார். திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். நுனி தேய்ந்திருந்தது.

"இடது எனக்கு. அது எப்பவும் என்கூட வீட்டுலதான் இருந்துச்சு" என்றார். வலதைப் பையோடு அத்தையிடம் கொடுத்தார்.

சிறப்பிதழ் அடுத்த வெள்ளிக்கிழமை ஒட்டப்பட்டது. ஆறு கோட்பாடுகள். ஏழாவதுக்கு எதிரே, 'படம் வந்ததும் காதைத் திறந்துவைத்துக்கொண்டு பார்க்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். கட்டுரையாளருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று பல்லி அதன்கீழே பென்சிலால் எழுதிவைத்தான். கரடியை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

அதற்கு முன், அந்த ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்துவிட்டு நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். திருப்பிக் கவிழ்த்தும் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா ஜோடியாவாவது வந்துச்சு" என்றாள். "இப்ப ஒத்தையா வேற வர ஆரம்பிச்சாச்சா?"

ஆனால் கட்டிலுக்கடியில் குனிந்து, இருந்த முப்பது பெட்டிகளையும் ஒதுக்கி, அதற்கு அவளேதான் இடம் பண்ணினாள்.